மணிலா விழுந்தது 5ஆம் தேதியா, 6ஆம் தேதியா? பிலிப்பைன்ஸ் வரலாற்றை மூல ஆவணங்களிலிருந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு

1762 அக்டோபரில் மணிலா ஆங்கிலேயர் கையில் விழுந்தது. ஆங்கிலேயர் எழுதிய ஆவணங்களில் தேதி அக்டோபர் 6. ஸ்பானியர் எழுதியவற்றில் அக்டோபர் 5. புதிதாகப் படிக்க வருபவர், யாரோ கைதவறி எழுதிவிட்டார் என்று எண்ணி ஒன்றைத் திருத்திவிடுவார். இரண்டுமே சரி. ஸ்பானியர் மெக்சிகோவிலிருந்து பசிபிக்கைக் கடந்து மேற்கு நோக்கி வந்து, அந்த நாள்கணக்கையே தீவுகளில் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கிழக்கு நோக்கிப் போனார்கள்; அவர்கள் கணக்கு ஸ்பானியர் கணக்கைவிட ஒரு நாள் முன்னே இருந்தது. இந்த வேறுபாட்டை ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா 1844இல் முடித்துவைத்தார்: அந்த ஆண்டு டிசம்பர் 30க்கு அடுத்த நாள் 1845 ஜனவரி 1. மணிலாவில் 1844 டிசம்பர் 31 என்ற நாளே கிடையாது.

ஆகவே 1845க்கு முந்தைய மணிலா ஆவணம் எதைக் குறிப்பெடுத்தாலும் தேதியை உள்ளபடியே எழுதி, பக்கத்தில் 'ஸ்பானியக் கணக்கு' என்று குறித்துவையுங்கள். ஸ்பானிய ஆவணத்துக்குள் கிழமையும் தேதியும் ஒத்தே போகும். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் சிக்கல் கண்ணில் படாது. சீன, சென்னை, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) ஆவணங்களோடு ஒப்பிடும்போதுதான் ஒரு நாள் இடிக்கும். 1582க்கு முந்தைய நிகழ்ச்சிகளில் ஜூலியன் நாட்காட்டியும் சேர்ந்துகொள்ளும். ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மகல்லன் கொல்லப்பட்ட மாக்தான் போர் நடந்ததாகச் சொல்லப்படும் 1521 ஏப்ரல் 27 ஜூலியன் தேதி. இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் 10 நாள் கூடும். மகல்லனின் ஆட்களே உலகைச் சுற்றி வந்து கேப் வெர்தே தீவில் இறங்கியபோதுதான் தங்கள் கணக்கில் ஒரு நாள் காணாமல் போனதை அறிந்தார்கள்.

சிறிய செய்திதான். ஆனால் மூல ஆவணத்தோடு பழகுவது என்றால் என்ன என்பது இதற்குள் அடங்கியிருக்கிறது. எழுதியவர் எந்தத் திசையிலிருந்து வந்தார் என்று தெரியாமல், அவர் எழுதிய தேதியைக்கூட நம்மால் படிக்க முடியாது.

ஆங்கிலம் தெரிந்தவர் கைக்கு முதலில் வருவது, பிளேரும் ராபர்ட்சனும் 1903 முதல் 1909 வரை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வெளியிட்ட 55 தொகுதிகள். 1493 முதல் 1898 வரையிலான ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவை. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இவற்றை ஒதுக்கச் சொல்பவர்கள் உண்டு, இவையே போதும் என்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு என்பது என் முடிவு. முதலில் 1803 வரை என்று திட்டமிட்டு, பிறகு 1898 வரை என்று தலைப்பை நீட்டிய தொகுப்பு இது. அதனால் 16, 17ஆம் நூற்றாண்டுகள் தடித்தும், 19ஆம் நூற்றாண்டு மெலிந்தும் இருக்கும். அமெரிக்கா அந்தத் தீவுகளைக் கைப்பற்றிய சூட்டோடு தொகுக்கப்பட்டவை என்பதால், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதிலும் காலத்தின் சாய்வு தெரியும். மொழிபெயர்ப்பில் பிழைகளும் உள்ளன. இதை வாசலாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாசலைத் தாண்டுவது எப்படி? கடைசி இரண்டு தொகுதிகள் பெயர் அட்டவணை. அங்கே தேடி ஆவணத்தைப் பிடியுங்கள். எழுதியவர், பெற்றவர், எழுதிய இடம், தேதி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். தொகுதியின் முடிவிலுள்ள நூற்குறிப்பில் மூலம் எந்தக் காப்பகத்தில் இருந்தது என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் அது ஸ்பெயினின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணங்களுக்காகச் செவில் நகரில் 1785இல் நிறுவப்பட்ட இந்தியாஸ் பொதுக் காப்பகமாக இருக்கும். ஆனால் அங்கே தரப்பட்ட எண் 67-6-18 போலக் காணப்படும்: அலமாரி, பெட்டி, கட்டு. அது பழைய முறை. இன்றைய தேடலில் அதைப் போட்டால் எதுவும் வராது. இன்றைய முறையில் 'ஃபிலிப்பினாஸ்' என்ற பிரிவின் பெயர், அதன் பின் லெகாஹோ எனப்படும் கட்டின் எண், ராமோ என்ற உட்பிரிவு, கடைசியாக ஆவண எண். பழைய எண்ணுக்குப் புதிய எண் தரும் ஒப்பீட்டுப் பட்டியல் உண்டு. அது கையில் இல்லாவிட்டால், குறித்துவைத்த நான்கு செய்திகளைக் கொண்டு ஸ்பானிய அரசின் பாரெஸ் தளத்தில் தேடலாம், கட்டணம் இல்லை. தேடுசொற்கள் இன்றைய ஸ்பானிய எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும், ஆண்டு எல்லையை முன்பின் 2 ஆண்டு தளர்த்துங்கள். மணிலாவிலிருந்து கடிதம் ஸ்பெயின் போய்ச் சேரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், கட்டின் மேல் எழுதிய ஆண்டும் கடிதத்தின் ஆண்டும் அடிக்கடி மாறும்.

எல்லாக் கட்டுகளுக்கும் படம் எடுக்கப்படவில்லை. படம் இருந்தால், திறந்த உடனே முழுக் குறியீட்டையும் பட எண்ணையும் எழுதிவையுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டவர்கள் அதே பக்கத்தை மீண்டும் தேடி நாட்களைத் தொலைப்பார்கள்.

19ஆம் நூற்றாண்டுக்குச் செவில் போதாது. அந்தக் காலத்து நிர்வாகக் கோப்புகள் மத்ரித்தின் தேசிய வரலாற்றுக் காப்பகத்தில் 'உல்த்ரமார்' (கடல்கடந்த பகுதிகள்) பிரிவில் உள்ளன. ஊர் நிலவரம் வேண்டுமென்றால் மணிலாவின் தேசியக் காப்பகம்தான். ஸ்பானியர் காலத்து ஆவணங்கள் சுமார் 1.3 கோடி அங்கே இருக்கின்றன: புதிய ஊர் அமைத்த கோப்புகள், பத்திரப் பதிவுகள், குடிமதிப்புப் பட்டியல்கள், சீனக் குடியேறிகளின் பதிவேடுகள், கலகம் பற்றிய விசாரணைகள். பேரரசின் தலைநகருக்குப் போன கடிதத்தில் ஓர் ஊர் ஒரு வரி. இங்கே அதே ஊருக்கு ஒரு கட்டு. ஈரமும் கரையானும் தின்றது போக, இரும்புச் சத்துள்ள மையே காகிதத்தை அரித்து எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்த தாள்களும் உண்டு. அவற்றை வாசிக்கையில் விடுபட்ட சொல்லை ஊகித்து நிரப்பாதீர்கள். சதுர அடைப்பில் எத்தனை எழுத்து போயிருக்கும் என்று மட்டும் குறியுங்கள்.

கையெழுத்து பலரை முதல் வாரத்திலேயே விரட்டிவிடும். ஆசையின் வேகத்தில் நேரே 16ஆம் நூற்றாண்டுக்குப் போவதுதான் அதற்குக் காரணம். அக்கால 'புரோசெசால்' எழுத்தில் எழுதுகோலை எடுக்காமல் சொல்லோடு சொல் கோத்து ஒரு வரி முழுவதும் ஒரே சங்கிலியாக ஓடும். முதலில் 1850க்குப் பிந்தைய நோட்டரி கையெழுத்து, பிறகு 18ஆம் நூற்றாண்டு, அதன் பின் 17 என்று பின்னோக்கிப் போவது நல்லது. ஏற்கெனவே அச்சில் படியெடுக்கப்பட்ட ஒரு கடிதத்தின் படத்தை எடுத்து, அச்சை மூடிவைத்து 10 வரி படியெடுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். எந்த எழுத்தில் மீண்டும் மீண்டும் தவறுகிறது என்று ஒரு தாளில் பட்டியலிட்டு வந்தால், அந்த எழுத்தரின் கை பிடிபடும். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும். அது இயல்பு.

சுருக்கெழுத்துகளில் ஒன்று பெரும் பொறி: 7 என்ற எண்ணை எழுதிப் பக்கத்தில் 'ப்ரே' என்றிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீனில் அந்த மாதப் பெயர்கள் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்ற எண்களிலிருந்து வந்தவை. இந்த ஒரு குறியால் இரண்டு மாதம் பிசகிய காலவரிசைகள் உருவாகும்.

எழுத்தைத் தாண்டினால் சொல். 'ஃபிலிப்பினோ' என்று 18ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் பார்த்ததும் அந்நாட்டு மக்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; தீவுகளில் பிறந்த ஸ்பானியரை அது குறித்தது. மண்ணின் மக்களை ஸ்பானியர் 'இந்தியோ' என்றே எழுதினார்கள், சீனரை 'சங்லே' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் எழுத்தாளரும் தேசிய வீரருமான ஹோசே ரிசாலின் தலைமுறை 'ஃபிலிப்பினோ' என்ற பெயரைத் தனதாக்கிக்கொண்டது. மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டிருந்தால் ஒரு தேசத்தின் பிறப்பே கண்ணில் படாமல் போய்விடும்.

'திரிபூத்தோ' இன்னொரு சொல். வரி என்று பொருள், ஆனால் எண்ணிக்கையாக வரும்போது அது ஆள் கணக்கு அல்ல. கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு திரிபூத்தோ, தனி ஆள் அரை. 1591இன் புகழ்பெற்ற பட்டியல் 1,66,903 திரிபூத்தோக்களைக் காட்டி, மக்கள் 6,67,612 பேர் என்கிறது. தாளை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்: 1,66,903 × 4 = 6,67,612. யாரும் ஆறரை லட்சம் பேரை எண்ணவில்லை. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துப் பெருக்கினார்கள். அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காமல், 1591இல் பிலிப்பைன்ஸ் மக்கள்தொகை இவ்வளவு என்று எழுதுவது எண்ணை நம்புவதே தவிர ஆவணத்தைப் படிப்பது ஆகாது. ஸ்பானியர் ஆட்சி எட்டாத மலைப்பகுதிகளும் தெற்குத் தீவுகளும் அந்தக் கணக்கிலேயே இல்லை. எந்தப் பட்டியலிலும் கடைசி மொத்தத்தை ஊர்வாரி எண்களோடு கூட்டிப் பார்க்க வேண்டும். எழுத்தர்கள் கூட்டலில் தவறுவது உண்டு.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். 1 பேசோ 8 ரேயால். நெல்லுக்கு 1 கவான் 25 கந்தா, 1 கந்தா 8 சூப்பா. கவான் 75 லிட்டர் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய பின் வந்த அளவு. அதற்கு முன் இடத்துக்கு இடம் மாறியது. 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தை லிட்டரில் எழுதுவது வீண் துல்லியம்.

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு 1849 ஒரு சுவர். அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி கிளாவெரியா பிறப்பித்த ஆணையால், அகரவரிசைப் பட்டியலிலிருந்து குடும்பப் பெயர்கள் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் ஓர் ஊர் முழுக்க இருப்பது அதனால்தான். சுவருக்கு அப்பால் பெயரை வைத்துத் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், எந்தக் கபேசாவின் (வரி திரட்டும் தலைவரின்) பரங்காய் (அவர் பொறுப்பிலுள்ள குடும்பத் தொகுதி) என்ற குறிப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தித்தான் பின்னோக்கி நகர முடியும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஆட்சியாளர் எழுதியவை. அந்த மண்ணின் குரல் எங்கே? அது இருக்கிறது, குறைவாக. தமிழ் வாசகருக்கு இதில் தனி நெருக்கமும் உண்டு. 1989இல் லகுனா மாநிலத்தில் லும்பாங் ஆற்று முகத்துவாரத்தருகே மணல் அள்ளியபோது ஒரு செப்பேடு கிடைத்தது. சக ஆண்டு 822, வைசாக மாதம், தேய்பிறைச் சதுர்த்தி, திங்கட்கிழமை என்று தொடங்குகிறது, கி.பி. 900 ஏப்ரல் 21. எழுத்து, பழைய ஜாவாவில் வழங்கிய 'காவி'; பல்லவர் எழுத்தின் வழித்தோன்றல். மொழி பழைய மலாய், ஊடே சமஸ்கிருதம், பழைய ஜாவா மொழி, தகாலோக் (மணிலாப் பகுதி மொழி) சொற்கள். நம்வரான் என்பவரின் 1 கத்தி 8 சுவர்ண (இரண்டும் எடை அளவுகள்) தங்கக் கடன் தீர்ந்துவிட்டது, அவர் வழிவந்தோர் விடுவிக்கப்பட்டார்கள் என்பது செய்தி. டச்சுக்காரரான அந்தோன் போஸ்ட்மா இதை வாசித்தார். 'துண்டுன்' என்று செப்பேட்டில் வருவதை மணிலாவின் தொண்டோ என்று கொண்டவரும் அவரே. செப்பேடு சொல்வது 'துண்டுன்' வரைதான். அது தொண்டோ என்பது வாசித்தவரின் விளக்கம். வலுவான விளக்கம், ஆனாலும் இரண்டையும் ஒரே மையில் எழுதக் கூடாது. ஏட்டின் கடைசி வாக்கியம் முடியாமலே நிற்கிறது. தொடரும் ஏடு இருந்திருக்கலாம்.

இது முறையான அகழாய்வில் கிடைத்ததல்ல, பழம்பொருள் வியாபாரிகள் கை மாறி அருங்காட்சியகத்துக்கு வந்தது. அப்படியானால் நம்புவது எப்படி? அதே காலத்து ஜாவா சாசனங்களோடு எழுத்தின் வடிவம் பொருந்துகிறது, திதியும் கிழமையும் கணக்கில் சரியாக வருகின்றன. போலி செய்பவர் இத்தனையும் ஒருசேரச் சரியாக வைப்பது அரிது.

இதற்கு நேர்மாறு, 1433இல் பனாய் தீவில் இயற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட கலந்தியாவ் சட்டம். ஹோசே மார்கோ என்பவர் 1914இல் மணிலா நூலகத்துக்குக் கொடுத்த தாள்கள் அவை. பாடநூல்களில் ஏறியது, நீதிபதிகளுக்கான விருதுக்கும் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் தன் முனைவர் ஆய்வில், ஸ்பானியருக்கு முந்தைய காலத்துக்கென்று சொல்லப்படும் சான்றுகள் ஒவ்வொன்றையும் எடுத்து, மார்கோவுக்கு முன் இது யார் கையில் இருந்தது என்று கேட்டார். விடை எங்கும் இல்லை. 1968இல் அவர் முடிவு அச்சேறியது. அதற்கு 3 ஆண்டு கழித்தும் அந்த விருது ஏற்படுத்தப்பட்டது என்பதுதான் வருத்தம். நம் முன்னோருக்கும் எழுதிய சட்டம் இருந்தது என்ற ஆசை எவ்வளவு நியாயமானதோ, அவ்வளவு எளிதில் ஏமாற்றப்படக் கூடியது. ஆவணத்தை வாசிப்பதற்கு முன் அதன் கைமாறிய வரலாற்றை எழுதுங்கள். அந்தத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், உள்ளடக்கம் எவ்வளவு இனித்தாலும் நிறுத்திவையுங்கள்.

தகாலோக் மக்களின் பழைய எழுத்தான பய்பாயினும் இப்படிச் சோதிக்க உதவும். 3 உயிர், 14 மெய் என 17 எழுத்துகள். சொல் நடுவிலோ இறுதியிலோ வரும் ஒற்று எழுதப்படாது. 'பாத்தா' என்ற குழந்தையும், 'பாத்தாஸ்' என்ற சட்டமும், 'பாந்தாய்' என்ற காவலும் ஒரே இரண்டு எழுத்துகள். நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் படித்துப் பழகியவர்களுக்கு இடர் புரியும். ஆனால் நம் சுவடியில் ஒற்று புள்ளியின்றியாவது நிற்கும்; இங்கே எழுத்தே இராது. ஒற்றைக் காட்டச் சிலுவைக் குறியைக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ்கோ லோப்பெஸ், 1620இல், பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான இலோக்கானோவில். அதற்கு முந்தையது என்று சொல்லி, சிலுவைக் குறியோடு ஒரு தாள் வந்தால் சந்தேகப்பட வேண்டும். பயிற்சிக்கு மணிலாவில் 1593இல் அச்சான 'தொக்திரினா கிறிஸ்தியானா'வை எடுக்கலாம். ஸ்பானியமும் தகாலோக்கும் ரோமன் எழுத்தில், பின்பு தகாலோக் பய்பாயினில். அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது, படங்கள் இணையத்தில் உண்டு. அதே வகை நூல் தமிழில் கொல்லத்தில் 1578இலேயே 'தம்பிரான் வணக்க'மாக அச்சாகியிருந்தது.

நேரில் கண்ட சாட்சி என்பதும் தனியே போதாது. மகல்லனோடு கப்பலில் வந்த இத்தாலியர் பிகஃபெத்தா மாக்தான் போரில் கலந்துகொண்டு காயம் பட்டவர். தம் தரப்பில் தண்ணீரில் இறங்கியவர் 49 பேர், எதிரில் 1500 பேர் என்கிறார். தம்மவரை அவரால் எண்ண முடிந்திருக்கும், எதிரிகளை முடிந்திருக்காது. அவர் குறிப்பின் மூல ஏடு இல்லை. இத்தாலிய மொழியில் ஒன்று, பிரெஞ்சில் மூன்று எனப் பிரதிகளே உள்ளன. பிலிப்பைன்ஸின் முதல் திருப்பலி நடந்த 'மசாவா' எது என்ற வழக்கில் அவர் தரும் அட்சரேகை 9 பாகையும் மூன்றில் இரண்டும்; மாலுமி அல்போவின் குறிப்பில் 9 பாகையும் மூன்றில் ஒன்றும். லிமசாவா தீவு இருப்பது ஏறக்குறைய 9 பாகை 56 கலையில். இரண்டுமே நேராக அங்கே விழவில்லை. அக்காலக் கருவிகளில் இப்படிப்பட்ட பிழை வழக்கம் என்பதால், அட்சரேகையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல், அடுத்தடுத்த தீவுகளுக்குச் சென்ற திசை, தூரம், நாள் எல்லாவற்றையும் வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். தேசிய வரலாற்று ஆணையம் 2020இலும் லிமசாவாவையே உறுதிசெய்தது.

நினைவிலிருந்து எழுதியதை ஆண்டோடு படியுங்கள். ஸ்பானியருக்கு எதிரான 1896 புரட்சியின் முதல் முழக்கம் எங்கே எழுந்தது என்பதற்குப் புரட்சியாளர் பியோ வாலென்சுவேலா இரண்டு விடை தந்திருக்கிறார்: கைதானபோது பாலிந்தவாக், பல ஆண்டு கழித்து எழுதிய நினைவுக் குறிப்பில் ஆகஸ்ட் 23, புகத் லாவின். அரசு ஏற்றது இரண்டாவதை. இன்னொரு புரட்சியாளர் கியெர்மோ மசாங்காய் ஆகஸ்ட் 26, பாலிந்தவாக் என்கிறார். சிறையில் சொன்னதற்கு அச்சம் காரணமாகலாம், முதுமையில் சொன்னதற்கு மறதி காரணமாகலாம். எதையும் முன்கூட்டியே தள்ள முடியாது. நெடுக்கில் சாட்சிகள், குறுக்கில் இடம், நாள், சொன்ன ஆண்டு, யாரிடம் சொன்னார் என்று கட்டம் போட்டு நிரப்பினால், 'முழக்கம்' என்ற ஒரே சொல்லால் அவர்கள் வேறு வேறு கூட்டங்களைச் சொல்லியிருக்கலாம் என்பது தெரியவரும்.

ரிசால் தூக்கிப் பிடித்த கருத்துகளைச் சாவுக்கு முன் மறுத்து எழுதினார் என்ற தாள் 1935இல் மணிலா பேராயக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதில் 'குவாலிதாத்' என்றிருக்கும் சொல், இயேசு சபையாரின் பிரதியில் 'காலிதாத்'. ஓரிடத்தில் 'கத்தோலிக்க' என்ற சொல்லும் அந்தப் பிரதியில் இல்லை. பாடபேதம் பார்த்துப் பழகிய தமிழருக்கு இது புதிதல்ல. கை மாறிய வழியைக் காட்ட அது உதவும். ரிசாலின் மனத்தைக் காட்டாது. அதே ரிசால், மணிலாவில் ஸ்பானிய அதிகாரியாக இருந்த மொர்கா 1609இல் மெக்சிகோவில் அச்சிட்ட வரலாற்றைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கையால் படியெடுத்து, 1890இல் தன் குறிப்புகளோடு வெளியிட்டார். பக்கத்தின் மேற்பகுதி 1600ஐ அறியும் சான்று, அடிக்குறிப்பு 1890ஐ அறியும் சான்று. மேற்கோள் காட்டும்போது எந்தப் பகுதி என்று சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கக்கூடிய ஒரு வேலை. 1762 படையெடுப்பு சென்னையிலிருந்து புறப்பட்டது. மணிலாவை 1764 வரை ஆண்ட ஆங்கிலக் கம்பெனிக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளை 1940களில் சென்னை அரசு அச்சகம் பல தொகுதிகளாக வெளியிட்டது. 'மணில்ஹா கன்சல்டேஷன்ஸ்' என்ற பெயரில் தேட வேண்டும், எழுத்துக்கூட்டலில் 'ல்ஹ' முக்கியம். மூலங்கள் புனித ஜார்ஜ் கோட்டை ஆவண வரிசையைச் சேர்ந்தவை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டியது அந்த வரிசையைத்தான். படையோடு போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகிலுள்ள கைந்தா ஊரில் தங்கிவிட்டார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். கம்பெனிப் பக்கத்தில் சம்பளம், ஓட்டம், இறப்பு பற்றிய பதிவுகளையும், ஸ்பானியப் பக்கத்தில் கைந்தாவின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டு, கம்பெனித் தேதியில் ஒரு நாளைக் கழித்துப் பக்கத்தில் பக்கம் வைக்க வேண்டும். பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். திருமுழுக்குப் பெற்றவரின் பழைய பெயர் அந்த ஏட்டில் பெரும்பாலும் இராது. அதனால் முதலில் தேட வேண்டியது பெயரை அல்ல, எங்கிருந்து வந்தவர் என்று எழுத்தர் போட்ட ஒற்றைச் சொல்லை.